பட்டறை முதலாளியைப் பற்றி எழுத உட்கார்ந்தால்

கேட்டவர் நாகப்பட்டினம் பக்கம் ஒரு ஃபைபர் படகுப் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர். அவருடைய முதலாளி போன வருடம் காலமாகிவிட்டார். முதலாம் ஆண்டு நினைவுக்குக் குடும்பத்தார் ஒரு சிறிய மலர் போடுகிறார்கள். அதில் இவருக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். “எழுத உட்கார்ந்தால் நல்லவர், நேர்மையானவர் என்பதற்கு மேல் கை ஓட மாட்டேன் என்கிறது. எங்கள் கரையில் முதன்முதலாக ஃபைபர் படகு கட்டியவர் அவர்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதைத் துணிந்து எழுதலாமா?” என்று கேட்டிருக்கிறார். பார்வைக்கு இரண்டு கேள்வி. உண்மையில் அவர் கேட்பது ஒன்றுதான்: அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது என்ன, அதை மற்றவர்கள் நம்பும்படி எழுத்தில் எப்படி வைப்பது?

நான் தூத்துக்குடியில் ஒரு ஓடாவியிடம், அதாவது படகு கட்டும் தச்சரிடம், தொழில் பழகியவன். மரவள்ளம் கட்டிக்கொண்டிருந்தவர், காலம் மாறியதும் ஃபைபருக்கு வந்தவர். பட்டறையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பிறகு நான் அங்கிருந்து வெளியே வந்து, கட்டி முடித்த படகுகளைச் சோதித்து அறிக்கை எழுதும் வேலைக்குப் போனேன். ஆக, படகை உள்ளேயிருந்து கட்டியும் பார்த்திருக்கிறேன், வெளியே நின்று தட்டியும் பார்த்திருக்கிறேன். எனக்குப் பழக்கமான கரை கடலூரிலிருந்து கன்னியாகுமரி வரை. இரும்பில் கட்டும் பெரிய விசைப்படகுகள் தனி உலகம், அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கீழே சொல்வதில் அண்ணாச்சி அடிக்கடி வருவார். உங்கள் முதலாளியை எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்த முதலாளியை வைத்துத்தானே பேச முடியும்.

முதலில் நான்கு பக்கத்துக்கு என்ன எழுதுவது என்பது. குணத்தைப் பற்றிய பேச்சைக் குறைத்துக்கொண்டு, அவர் எடுத்த முடிவுகளை எழுதுங்கள். அதிலும் அவர் ‘முடியாது’ என்று சொன்ன இடங்களை எழுதுங்கள். நேர்மையானவர் என்ற சொல்லை எந்தக் கடை முதலாளிக்கும் போடலாம். படகுத் தொழிலில் அந்தச் சொல்லுக்குக் கிலோக் கணக்கு உண்டு. உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், மலரைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஃபைபர் படகை வெளித்தோலில் ஆரம்பித்து உள்ளே போகப்போகக் கட்டுகிறோம். படகின் வடிவத்தில் இருக்கும் அச்சை மெழுகு போட்டுத் துடைத்து, முதலில் அரை மில்லிமீட்டர் வாக்கில் ஜெல்கோட் என்ற நிறப்பூச்சு. அது இறுகியதும் கண்ணாடி இழைத் துண்டுகளாலான மேட்டு என்ற விரிப்பு, அதை நனைக்க ரெசின் என்ற பிசின், அழுத்தி உருட்ட ரோலர். அதன் மேல் நெய்த ரோவிங், அதாவது கண்ணாடி இழைத் துணி, மறுபடி மேட்டு. அச்சிலிருந்து கழற்றும்போது வாங்க வந்தவர் கண்ணுக்குத் தெரிவது அந்த ஜெல்கோட் மட்டும்தான். உள்ளே ஆறு லேயர் இருந்தாலும் மூன்று லேயர் இருந்தாலும் பளபளப்பு ஒன்றுதான். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவும் கடலில் வைத்துத் தெரியும். யாரும் பார்க்க முடியாத அந்த இடத்தில் உங்கள் முதலாளி என்ன செய்தார் என்பதை எழுத நான்கு பக்கம் போதாது.

சரி, அதற்கு ஆதாரம்? பட்டறையின் பழைய கொள்முதல் பில்கள் வீட்டில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒரு கிலோ துண்டு மேட்டை நனைத்து இறுக்க 2 முதல் 2½ கிலோ ரெசின் வேண்டும். நெய்த ரோவிங் என்றால் கிட்டத்தட்ட கிலோவுக்குக் கிலோ, கொஞ்சம் கூடலாம். ஒரு வருடத்தில் வாங்கிய மேட்டு எவ்வளவு, ரோவிங் எவ்வளவு, ரெசின் எவ்வளவு, கட்டிய படகு எத்தனை என்று நான்கு எண் கிடைத்தால் போதும். ஒரு படகுக்குச் சராசரியாக எவ்வளவு கண்ணாடி இழை போனது, ரெசினை அளவோடு ஊற்றினார்களா என்பது தெரிந்துவிடும். கண்ணாடி குறைந்து ரெசின் கூடினால் படகு தடிமனாக இருக்கும், பலமாக இருக்காது, அலையில் விழுந்து விழுந்து கீறல் விடும். பில்லில் சாக் பவுடர் மூட்டை மூட்டையாக வந்திருந்தால் அதையும் கவனியுங்கள். ரெசினில் மாவைக் கலந்து தடிமன் காட்டுவது இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். புட்டி போடவும் மூலை நிரப்பவும் கொஞ்சம் வேண்டும்தான், அது நியாயம். லேயருக்குள் கலந்தால் ஏமாற்று.

அண்ணாச்சியிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், தண்ணீர் வடிவதற்குத் துளை போடும்போதும், இன்ஜின் தண்டுக்குத் துளை போடும்போதும் வெட்டுப்பட்டு விழுகிற வட்டத் துண்டை எறிய விடமாட்டார். படகின் எண்ணை அதன் மேல் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பார். யாராவது படகு சரியில்லை என்று வந்தால் முதலில் டின் திறக்கும், பேச்சு அப்புறம்தான். அந்தத் துண்டை வெட்டுமுகத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் லேயர்களை எண்ணலாம். சோதனைக்கூடத்தில் 600 டிகிரி வாக்கில் உலையில் வைத்தால் ரெசின் எரிந்துபோய்க் கண்ணாடி மட்டும் மிஞ்சும், முன்னும் பின்னும் எடை பார்த்தால் விகிதம் வந்துவிடும். உங்கள் பட்டறையில் அப்படி ஏதாவது மிஞ்சியிருந்தால் ஒன்றைப் படம் எடுத்து, எந்த வருடத்துப் படகு என்ற குறிப்போடு மலரில் போடுங்கள். யார் வந்து என்ன சொன்னாலும் அது பேசும்.

உங்கள் முதலாளி 2004க்கு முன்பே பட்டறை வைத்திருந்தார் என்றால், அதற்கு அடுத்த இரண்டு வருடங்களைக் கட்டாயம் எழுதுங்கள். அந்த டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கட்டுமரங்களும் வள்ளங்களும் ஆயிரக்கணக்கில் நொறுங்கின. உதவிப் பணம் வந்தது. வந்த பணத்தில் கொடுக்க நினைத்தவர்கள் பெரும்பாலும் ஃபைபர் படகையே கொடுக்க நினைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்த ஊர்கள் கண்மூடித் திறப்பதற்குள் ஃபைபருக்கு மாறின. அதுவரை தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்தவர்கள்கூடத் தென்னந்தோப்பில் கீற்றுக் கொட்டகை போட்டுப் படகுப் பட்டறை ஆரம்பித்தார்கள். பணம் கொடுத்தவர்களில் பலருக்கு எண்ணிக்கையும் தேதியும்தான் முக்கியம். வழங்கும் விழாவுக்கு நாள் குறித்துவிட்டு ஆர்டர் கொடுக்க வருவார்கள். அப்போது வந்த படகுகளில் நல்லவையும் உண்டு, மறுக்கவில்லை. பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய் வருகிற படகுகளையும் நான் அழுத்திப் பார்த்திருக்கிறேன்.

அண்ணாச்சியிடமும் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. அவர்கள் கேட்ட கணக்கில் கால்வாசிதான் முடியும் என்றார். அவர் சொன்ன காரணம் எளிது: படகு அச்சிலேயே சில நாள் கிடந்து இறுக வேண்டும், அவசரத்துக்குக் கழற்றினால் ஏரா (படகின் அடி முதுகெலும்பு) நெளியும், பக்கம் உப்பும். “அச்சு இரண்டுதான் இருக்கு, நாளை நான் நீட்ட முடியாது” என்று சொல்லிவிட்டார். ஆர்டர் வேறு பட்டறைக்குப் போயிற்று. இதை எழுதும்போது அன்று பட்டறையில் யாரும் அவரைக் கொண்டாடவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் முழுமை. படகுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டிருந்த பையன்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் அந்த இன்னொரு பட்டறைக்கே போய்விட்டார்கள், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ஒரு முடிவுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது இல்லாமல் எழுதினால் அது புகழுரையாக நின்றுவிடும். உங்கள் முதலாளி அப்படி ஒரு ஆர்டரைத் தள்ளியிருந்தாலும் சரி, வாங்கியிருந்தாலும் சரி, எந்த நிலைமையில் அப்படிச் செய்தார் என்று எழுதுங்கள். வாங்கியவர்கள் எல்லோரும் மோசக்காரர்கள் இல்லை. அந்த ஆறு மாதத்தில் படகு கிடைக்காமல் கரையில் உட்கார்ந்திருந்தவனுக்கு மெல்லிய படகும் படகுதான்.

அன்றாட வேலையில் அவர் வைத்திருந்த சட்டங்களையும் காரணத்தோடு எழுதுங்கள். கையேடு மாதிரி ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம், தொழில் தெரிந்தவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மேட்டு ஈரம் இழுக்கும். ஈர மேட்டில் ரெசின் சரியாகப் பிடிக்காது, இறுகிய பிறகு பால் தெளித்தது போல வெள்ளைத் திட்டு தெரியும். அண்ணாச்சி ரோல்களைத் தரையில் வைக்க விடமாட்டார், பலகை மேல் அடுக்கி மேலே குண்டு பல்பு எரியவிடுவார். அடைமழை என்றால் லேயர் போடுவதையே நிறுத்திவிட்டு, பழுது வேலையும் மரவேலையும் கொடுப்பார். அதுவும் இல்லாத நாளுக்கு அரைக்கூலி உண்டு. சித்திரை வெயிலில் பிரச்சினை நேர்மாறு. வாளியில் கலக்கிய ரெசின் தூரிகை தொடுவதற்குள் கட்டியாகிவிடும். இதற்குப் பயந்து பையன்கள் ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்டைக் குறைத்துக்கொண்டே போவார்கள். ரெசின் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே போனால் அது கட்டியாகுமே தவிர முழுசாக இறுகாது, வருடக்கணக்கில் மென்மையாகவே கிடக்கும். அதனால் அளவைக் குறைக்காமல் நேரத்தை மாற்றுவார். கோடையில் விடியற்காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்கிப் பத்து மணிக்கு நின்றுவிடும். கேட்டலிஸ்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் பட்டறையின் இரண்டு கோடிகளில் பூட்டி வைப்பார். அவை இரண்டும் ரெசின் இல்லாமல் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது, ஆனால் பட்டறைக்குப் புதிதாக வருகிறவன் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் அதுதான்.

மிதவை விஷயத்தில் அவர் செய்ததை நான் வேறு பட்டறைகளில் அதிகம் பார்த்ததில்லை. படகு கவிழ்ந்தாலும் தண்ணீர் புகுந்தாலும் மிதக்க வேண்டும் என்று உள்ளறைகளில் தெர்மாகோல் கட்டைகளை வைத்து மூடுவார்கள். ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். நேராக மேலே லேயர் போட்டால் உள்ளே கட்டை பாதியாகச் சுருங்கிக் கிடக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அண்ணாச்சி கட்டையைப் பாலித்தீனில் சுற்றி ஒட்டித்தான் உள்ளே வைக்கச் சொல்வார். அதோடு விடாமல், புது மாதிரி படகு எது கட்டினாலும் கழிமுகத்தில் இறக்கி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, நான்கைந்து பேரை ஏறி உட்காரச் சொல்வார். கடன் வாங்கி முன்பணம் கட்டிய மனிதர் தன் புதுப் படகு தண்ணீரில் அமிழ்வதைக் கரையில் நின்று பார்க்கிற காட்சி இருக்கிறதே, சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும். ஒருமுறை ஒரு அம்மா மண்ணை வாரித் தூற்றப் போய்விட்டார். படகு மிதந்தது, அண்ணாச்சி தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது, உங்கள் முதலாளியைப் பற்றி ஊரில் சொல்லப்படக்கூடிய அதிசயங்கள். இவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துவிட்டால் உங்கள் கட்டுரைக்கு மதிப்புக் கூடும். ‘தட்டிப் பார்த்தே எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுவார்’ என்பது எல்லாப் பட்டறை முதலாளிகளைப் பற்றியும் சொல்லப்படுகிறது. நாணயத்தாலோ சிறு சுத்தியாலோ தட்டினால் லேயர் பிரிந்த இடமும் காற்று அடைத்த இடமும் மந்தமான சத்தம் கொடுக்கும், அது உறுதி. நானே அப்படித்தான் சோதிப்பேன். தடிமனை எண்ணாகச் சொல்வது வேறு விஷயம். தன் கையால் லேயர் போட்ட படகில் அவர் சொன்ன எண் சரியாக இருந்திருக்கும், ஏனென்றால் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அறியாத படகில் சத்தத்தை மட்டும் வைத்து எண் சொல்ல முடியும் என்று நான் நம்பவில்லை. ‘முகர்ந்து பார்த்தே ரெசின் தரம் சொல்வார்’ என்பதில் பாதி உண்மை. கட்டி ஒரு மாதம் ஆன படகின் மூடிய அறைக்குள் ஸ்டைரீன் நெடி இன்னும் தூக்கலாக அடித்தால் சரியாக இறுகவில்லை என்று சந்தேகிக்கலாம். ஆனால் தண்ணீரைத் தாங்கும் ஐசோ ரெசினையும் மலிவான சாதா ரெசினையும் மூக்கால் பிரித்தறிய முடியாது, அதற்கு டிரம்மின் லேபிளும் பில்லும்தான் சாட்சி. ‘அளவே எடுக்காமல் கண்ணாலேயே கட்டுவார்’ என்பது மரப்படகுக் காலத்து ஓடாவிகளைப் பற்றியது. வரைபடம் இல்லை என்பது மெய். ஆனால் அவர்களிடம் நூல் இருந்தது, முழக்கோல் இருந்தது, வங்குகளுக்கு, அதாவது படகின் விலாக்கட்டைகளுக்கு, பலகையில் வெட்டிவைத்த மாதிரிகள் இருந்தன, ஏராவின் நீளத்துக்கு அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று மனதில் கணக்கும் இருந்தது. கருவேல மரத்தில் இயற்கையாக வளைந்த கிளையைப் பார்த்து, எத்தனையாவது வங்குக்கு இது பொருந்தும் என்று நின்ற இடத்தில் சொல்வார் அண்ணாச்சி. அவர் கண் பெரிய கண்தான், ஆனால் பின்னால் கணக்கு இருந்தது. அதை மந்திரமாக்கினால் அவர் பட்ட பாடு மறைந்துபோகும்.

அடுத்து, ‘முதன்முதலாக’ என்ற சொல். எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. உலக அளவில் கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்த்துப் படகு கட்டியது 1942இல், அமெரிக்காவின் ஒஹையோவில். நம் பக்கம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கியது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு நடத்திய அந்தத் திட்டம் 1980களில் கிழக்குக் கடற்கரையில், அலையைத் தாண்டிப் போய் மணலில் ஏறும் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. அவற்றில் ஃபைபர் படகுகளும் இருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியம் நாட்டு ஏசு சபைப் பாதிரியார் பியர் ஜில்லே மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். பட்ட சிரமங்களை அவர் ஒரு நூலாகவும் எழுதிவைத்தார். இவ்வளவு பேர் நடமாடிய கரையில், ‘முதல் படகு’ என்று நீங்கள் எழுதிய மறுவாரமே ஒருவர் பழைய போட்டோவோடு வந்து நிற்பார். அதைவிட, ‘அவர் இந்த ஊரில் பட்டறை போட்டபோது அடுத்த பட்டறைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது’ என்று எழுதினால் யாரும் ஆட்சேபிக்க முடியாது, பலமும் கூடுதல். அவர் கட்டியதில் மிகப் பழைய படகு இன்னும் ஓடுகிறதா என்று தேடுங்கள். பதிவுச் சான்றில் கட்டிய ஆண்டு இருக்கும். உரிமையாளர் அனுமதித்தால் அதைப் பார்த்து அந்த ஆண்டை எழுதுங்கள்.

படகைக் கண்டுபிடித்தாலும் அது அவர் கட்டியதுதான் என்று எப்படித் தெரியும்? வண்ணம் பத்துத் தடவை மாறியிருக்கும், பெயரும் மாறியிருக்கும். இங்கே அச்சு உதவிக்கு வரும். அச்சில் இருக்கிற ஒவ்வொரு குறையும் அதில் பிறக்கிற ஒவ்வொரு படகிலும் இருக்கும். எங்கள் 28 அடி அச்சில் இடப்பக்கம், அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) கொஞ்சம் பின்னால், விரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன மேடு. அச்சில் மேடு என்றால் படகில் பள்ளம். தேய்த்துச் சரிசெய்வது அரை மணி வேலை, அண்ணாச்சி வேண்டுமென்றே விட்டுவைத்தார். பின்னால் நான் சோதனை வேலையில் போனபோது, எங்கள் பட்டறையில் கட்டாத படகுகளிலும் அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன். யாரோ எங்கள் படகைக் கவிழ்த்துப்போட்டு, அதன் மேல் லேயர் போட்டுப் புது அச்சு எடுத்திருக்கிறார்கள். இந்தத் தொழிலில் அது சகஜம், கேட்பாரும் இல்லை. சிலர் அந்த அச்சை நடுவில் அறுத்து இரண்டு அடி, மூன்று அடி சேர்த்து நீட்டிக்கொள்வார்கள். நீளம் கூடும், ஆழமும் உள்தாங்கலும் கூடாது. அலை மேல் ஏறும்போது படகு முதுகை நெளிப்பது கண்ணுக்கே தெரியும். ஆகவே அந்தப் பள்ளம் உறுதியாகச் சொல்வது ஒன்றைத்தான்: வடிவம் எங்கள் அச்சிலிருந்து வந்தது. கண்ணாடியும் ரெசினும் யார் கையால் போடப்பட்டது என்பதை அது சொல்லாது. அதற்கு உரிமையாளரின் வாய்மொழியோ ரசீதோ வேண்டும், இரண்டும் சேர்ந்து வந்தால் நல்லது. உங்கள் முதலாளியின் வடிவத்தைப் பிறர் நகல் எடுத்திருந்தால் அதை மனக்குறையாக எழுத வேண்டாம். எத்தனை ஊர்க் கடலில் அவர் வளைத்த கோடு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறில்லை.

கட்டியவர்களின் நினைவு எவ்வளவு லேசாகக் கழுவப்பட்டுவிடும் என்பதற்கு அன்னபூரணி நினைவுக்கு வருகிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் ராபின்சன் என்ற அமெரிக்கர் என்பது பதிவில் இருக்கிறது, அவர் மாற்றிவைத்த ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்ற பெயரும் இருக்கிறது. ஓட்டிப்போன வல்வெட்டித்துறை மாலுமிகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். கட்டிய கைகளைப் பற்றிக் கேட்டால் ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். மறுபக்கம், அமெரிக்காவில் ஹெரெஷாஃப் என்றொரு படகுக்கட்டுநர் இருந்தார், 1848இல் பிறந்து 1938இல் இறந்தவர். அவர் காகிதத்தில் வரைவதற்கு முன் மரத்தில் அரைப்படகைச் செதுக்கி, அதிலிருந்து அளவெடுத்துத்தான் பெரிய படகைக் கட்டுவார். அந்த மரத்துண்டுகள் பத்திரமாக இருப்பதால் இன்றைக்கும் அவர் படகைத் திரும்பக் கட்ட முடிகிறது. ஆள் பெரியவரா சிறியவரா என்பதைவிட, பொருள் மிஞ்சியதா என்பதுதான் பல நேரம் தீர்மானிக்கிறது.

குறைகளை எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுத உட்கார்ந்தால் வரும். அண்ணாச்சி ஒருநாளும் முகமூடி வாங்கிக் கொடுக்கவில்லை. கண்ணாடித் தூசியில் கழுத்தும் முழங்கையும் அரிக்க, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்தோம். ஸ்டைரீன் நெடியில் சாயங்காலம் தலை கிறுகிறுக்கும். படகுக்குள் உட்கார்ந்து போகிறவன் உயிரைப் பற்றி அவ்வளவு யோசித்த மனிதர், படகுக்குள் உட்கார்ந்து லேயர் போடுகிறவன் நுரையீரலைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தக் காலத்தில் யாரும் யோசிக்கவில்லை என்பது உண்மைதான், அதனால் அது குறை இல்லை என்றாகிவிடாது. ஜெல்கோட்டில் நிறம் கலக்கும் அளவை யாருக்கும் சொல்ல மாட்டார், ஓலைத் தட்டிக்குப் பின்னால் தனியாகப் போய்க் கலந்துகொண்டு வருவார். அவரோடு அதுவும் போய்விட்டது. இவற்றை எழுதுவதால் மரியாதை குறையாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் மலர் போடுவது குடும்பம், படிக்கப்போவது உங்கள் முதலாளியின் மனைவி. எழுதியதை அச்சுக்கு முன்னால் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், சண்டை போட வேண்டாம். உங்கள் முதலாளியின் கடன் நோட்டும் அப்படித்தான். மீன்பாடு இல்லாத வருடங்களில் யாருக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்பது அதில் இருக்கும். விட்டுக்கொடுத்தார் என்று எழுதலாம், கடன் வாங்கியவர் பெயர் வெளியே வரக்கூடாது.

யாரிடம் கேட்பது என்றால், அவரைப் புகழ்கிறவர்களிடம் கடைசியாகப் போங்கள். முதலில் அவர் படகை ரொம்ப நாள் வைத்திருப்பவர்களிடம் போய், ‘படகு எப்படி?’ என்று கேட்காமல், ‘இதுவரை எதையெல்லாம் பழுது பார்த்தீர்கள்?’ என்று கேளுங்கள். ஏராவின் அடியில் மணல் தேய்த்த இடத்துக்கு எத்தனையாவது வருடம் லேயர் போட்டார்கள், இன்ஜின் கட்டை எப்போது மாற்றினார்கள் என்று சொல்வார்கள். பழுதின் கணக்கில் கட்டியவரின் கணக்கு வந்துவிடும். அப்புறம் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு போன மேஸ்திரி யாராவது இருந்தால் அவரையும் பாருங்கள். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் தனித்தனியாக ஒரே மாதிரி சொன்னால் நம்பி எழுதலாம். ஒருவர் மட்டும் சொன்னால் ‘இன்னார் சொல்வது’ என்று எழுதுங்கள். வருடம் நினைவில்லை என்பவர்களிடம், மகளுக்குக் கல்யாணம் ஆனதற்கு முன்னாலா பின்னாலா, சுனாமிக்கு முன்னாலா பின்னாலா, தானே புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் வருடம் தானாக வரும். தானே 2011 டிசம்பரில், கஜா 2018 நவம்பரில். உங்கள் கரையில் இந்த இரண்டையும் மறந்தவர் இருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் மெதுவாக நடக்கலாம். ஒன்றுக்கு மட்டும் அவசரம் உண்டு. பட்டறை மூடியிருந்தால் அச்சுகள் வெயிலிலும் மழையிலும் கிடக்கும். இடத்தைக் காலி செய்ய யாராவது அறுத்துப் போட்டுவிடுவார்கள், ஃபைபர் அச்சைப் பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான். இந்த வாரமே போய், அச்சின் உட்பக்கத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் மேடு பள்ளம் தெரியும். அணியத்திலிருந்து அமரம் வரை ஒரு நூல் கட்டி, ஒவ்வொரு இரண்டு அடிக்கும் அகலமும் ஆழமும் அளந்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தனியாக முடியாது, நூல் பிடிக்க ஒருவர் வேண்டும். அவரோடு வேலை பார்த்த யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.